மருத்துவ அறிக்கைகள் முகிலில்: திறப்பு யார் கையில்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் கொண்டாட்டம். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் குடும்பப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கோயில் திருவிழா, ஊருக்குப் போய்வந்த பயணம், பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் இரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அம்மம்மாவின் மார்பகப் பரிசோதனை அறிக்கை திரை நிறைய வந்து நின்றது. வைத்தியருக்குக் காட்டுவதற்காக மகள் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்த படம் அது. அம்மம்மா அந்த விடயத்தைத் தன் தங்கைக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. தங்கையும் அன்று அங்கேதான் இருந்தார்.

யாரும் வேண்டுமென்று செய்த பிழை அல்ல. ஆனால் தன் நோயைப் பற்றி யாருக்கு, எப்போது சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அந்த உரிமை நமக்குத் தெரியாமலே கைநழுவிப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை இம்முறை பார்ப்போம்.

முகில் என்பது என்ன?

கிளவுட் என்பதைத் தமிழில் முகில் என்கிறோம். பெயரைக் கேட்டால் ஆகாயத்தில் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வேறொரு நிறுவனத்தின் கணினி. நாம் எடுக்கும் படங்கள் கூகிள் போட்டோஸ், ஐகிளவுட் போன்ற சேவைகள் மூலம் இணையத்தின் வழியே அங்கே போய்ச் சேருகின்றன. இந்த வசதியை ஒருமுறை இயக்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு படமும் தானாகவே போகும். பிறந்தநாள் கேக்கும் குருதிப் பரிசோதனை முடிவும் அதற்கு ஒன்றுதான்.

இந்நிறுவனங்கள் நமது கோப்புகளைப் பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால் பூட்டு இரண்டு வகை. ஒன்றில் திறப்பு நிறுவனத்திடமும் இருக்கும். கடவுச்சொல்லை நாம் மறந்தாலும் அவர்களால் மீட்டுத் தர முடியும். தேவையென்றால் அவர்களால் பார்க்கவும் முடியும். மற்றதில் திறப்பு நம்மிடம் மட்டுமே இருக்கும். யாராலும் பார்க்க முடியாது; தொலைத்தால் யாராலும் மீட்டுத் தரவும் முடியாது. நாமாகப் போய் மாற்றாதவரை, நம்முடைய படங்கள் பெரும்பாலும் முதல் வகையிலேயே இருக்கின்றன.

இரகசியம் கசியும் மூன்று வழிகள்

முதலாவது, நம் பக்கத்துக் கவனக்குறைவு. பகிர்ந்த அல்பம், பிள்ளைக்குக் கொடுத்த பழைய டப்லெட், தொலைக்காட்சியுடன் இணைத்த கணக்கு என்பன இதில் அடங்கும். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்துவதும் இதில் சேரும். மரபணுப் பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023ல் நடந்தது இதுதான். வேறு தளங்களிலிருந்து முன்பே களவு போயிருந்த கடவுச்சொற்களைக் கொண்டு ஏறத்தாழ 14,000 கணக்குகளைத் திறந்தார்கள். அக்கணக்குகளில் உறவினர் தொடர்புகளும் இருந்தபடியால், மொத்தம் சுமார் 69 இலட்சம் பேரின் விபரங்கள் வெளியே போயின. ஒருவரின் கவனக்குறைவு அவருடைய சொந்தபந்தங்களையும் பாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

இரண்டாவது, நிறுவனத்திடமிருந்து களவு போவது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளநல சிகிச்சை நிலையத்தின் பதிவுகள் திருடப்பட்டிருந்தது 2020ல் வெளிச்சத்துக்கு வந்தது. நிலையம் பணம் கொடுக்க மறுத்தது. திருடியவர் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் வைத்தியரிடம் பேசியவற்றை வெளியிடுவேன் என்று மிரட்டினார். அவுஸ்திரேலியாவில் 2022ல் மெடிபாங்க் காப்புறுதி நிறுவனத்திலிருந்து சுமார் 97 இலட்சம் பேரின் விபரங்கள் திருடப்பட்டன. சிலருடைய சிகிச்சை விபரங்கள் இணையத்தின் இருண்ட பக்கத்தில் வெளியிடவும்பட்டன. இவை குடும்பங்கள் தாமே முகிலில் வைத்த கோப்புகள் அல்ல என்பது உண்மை. ஆனாலும் ஓரிடத்தில் குவிந்திருக்கும் மருத்துவத் தகவல் திருடர்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை இவை காட்டுகின்றன. வங்கி அட்டை தொலைந்தால் புதிய அட்டை எடுக்கலாம். வெளியான நோய்க் குறிப்பை மாற்ற முடியாது.

மூன்றாவது, சேவை நிறுவனமே பார்ப்பது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், ஒரு தந்தை தன் சின்ன மகனின் பிறப்புறுப்பில் இருந்த வீக்கத்தைப் படம் எடுத்தார். கொரோனாக் காலம். காணொளி மூலம் வைத்தியர் பார்ப்பதற்கு முன் படம் அனுப்பும்படி மருத்துவத் தரப்பிலேயே கேட்டிருந்தார்கள். வைத்தியர் மருந்து கொடுத்தார், பிள்ளைக்குச் சுகமாயிற்று. ஆனால் படம் தானாகவே கூகிள் கணக்குக்குப் போயிருந்தது. சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைத் தேடும் அவர்களுடைய மென்பொருள் அதைக் குற்றமாக அடையாளம் கண்டது. தந்தையின் மின்னஞ்சல், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் ஒரேயடியாக முடக்கப்பட்டன. பொலிசார் விசாரித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். அதன் பின்பும் நிறுவனம் கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இச்செய்தி 2022ல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. சிறுவர்களைக் காப்பதற்கான அத்தேடல் அவசியமானதே. ஆனால் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் படத் தொகுப்பில் வைத்தியசாலையின் பெயரையோ மருந்தின் பெயரையோ எழுதித் தேடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் இன்றைய தேடல் வாசித்துவிடும். வருவதைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். தேவையில்லாதவற்றை அழியுங்கள், அழித்தவை தங்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். தேவையானவற்றைப் பூட்டிய கோப்புறைக்கு மாற்றி, கடதாசிப் பிரதி ஒன்றையும் வைத்திருங்கள்.

2. மின்னஞ்சலுக்கும் முகில் கணக்குக்கும் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

3. வட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாகப் படத் தொகுப்பில் சேர்வதை நிறுத்துங்கள். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் ஈசிஜி படம் அப்படித்தான் முகிலுக்குப் போகிறது. வட்ஸ்அப்பின் காப்புப் பிரதியையும் பூட்டி வைக்கும் வசதி 2021 முதல் உண்டு. அதை நாமே இயக்க வேண்டும்.

4. பிள்ளையின் அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டால், நேரில் காட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால், தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவிட்டு, வைத்தியசாலையின் சொந்த இணைய வழியால் அனுப்புங்கள். பிறகு படத்தை முற்றாக அழித்த பின்பே சேமிப்பை மீண்டும் இயக்குங்கள். இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

5. தொலைக்காட்சி, பழைய தொலைபேசி, பிள்ளைகளின் டப்லெட் ஆகியவற்றில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்து வெளியேறுங்கள்.

6. திறப்பு உங்களிடம் மட்டும் இருக்கும் முறையைத் தெரிவு செய்தால், மீட்புக் குறியீட்டைக் கடதாசியில் எழுதி, காணி உறுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

7. அவுஸ்திரேலியாவில் வாழ்வோருக்கு மை ஹெல்த் ரெக்கோர்ட் என்ற அரச மருத்துவப் பதிவு உண்டு. அதை யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவை நீங்களே பார்க்கலாம். குறியீடு வைத்து அணுகலைக் கட்டுப்படுத்தவும் செய்யலாம்.

மறைப்பது வேறு, காப்பது வேறு

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு எதையும் எங்கும் வைக்கமாட்டேன் என்று முடிவெடுப்பதும் ஆபத்து. மயங்கி விழுந்தவர் என்ன மருந்து எடுக்கிறார், எதற்கு ஒவ்வாமை உள்ளது என்பது அம்புலன்ஸில் வருபவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த விபரத்தை ஒரு சிறிய அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். தொலைபேசியின் பூட்டுத் திரையிலேயே அவசர மருத்துவக் குறிப்பு எழுதும் வசதியும் உண்டு. நம்பிக்கையான ஒருவருக்கு உங்கள் கோப்புகள் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

நமது சமூகத்தில் நோய்ச் செய்தி வேகமாகப் பரவும். மனச்சோர்வு, கருச்சிதைவு, புற்றுநோய் என்று எதுவானாலும் நாலு பேர் அறிந்தால் நாற்பது பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வைத்தியரிடம் போகாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தன் இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். ஆகவே இதுவும் சுகாதாரம் பற்றிய விடயமே.

அந்த அம்மம்மா இப்போது சுகமாக இருக்கிறார். தங்கையும் அவரும் அன்றிரவே மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள். ஆனால் மகளிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை, படம் எடுக்க முதல் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அடுத்த முறை அம்மாவின் அறிக்கையைப் படம் எடுக்கத் தொலைபேசியைத் தூக்கும்போது, நாமும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்போம்.