புராஸ்டேட் வீக்கமா, புற்றுநோயா?

ஐம்பதைக் கடந்த ஆண்களில் பலர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். ஒளூச் செய்த பிறகும் சொட்டுகிறதே என்று சங்கடப்படுகிறார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லாமல், மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்துகிறார்கள்.

பெரும்பாலும் இது வயதோடு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான். அது புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். வீக்கம் சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளர்ந்து அதை நெருக்கும். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில் தொடங்குவதால், ஆரம்பத்தில் தொந்தரவே தெரியாது. ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

மருத்துவர் முதலில் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பார். வழவழப்பாகப் பெருத்திருந்தால் வீக்கமாக இருக்கலாம். கடினமான கட்டி தட்டுப்பட்டால் சந்தேகம்.

அடுத்தது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. அளவு 4-ஐத் தாண்டினாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். வீக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றாலும் கூடும். 4-க்குக் குறைவு என்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகாது. ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பல மாதங்கள் சாப்பிட்டிருந்தால் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் சுரப்பியின் அளவையும், கழித்த பின் தங்கும் சிறுநீரையும் காட்டும். எம்.ஆர்.ஐ. சந்தேகமான இடத்தைக் காட்டும். புற்றுநோய்தான் என்று உறுதிப்படுத்துவது, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி.

தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தாமதிக்க வேண்டாம்.

வாப்பா தாமாகச் சொல்ல மாட்டார். பிள்ளைகளே, நீங்கள் கேட்டு அழைத்துச் செல்லுங்கள்.