நிலத்துக்கு உரியவன் வானத்துக்கும் உரியவனா?

ஒருவனுடைய காணியின் எல்லை எது என்று வினவினால், வேலியைக் காட்டுவான். அதற்கு மேலும் ஐயம் எழுந்தால் உறுதியை எடுத்து வாசிப்பான். நாற்றிசை எல்லைகளும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆயின், அக்காணி உயரே எதுவரை செல்கின்றது என்பதை எந்த உறுதியும் கூறுவதில்லை. கூறவேண்டிய தேவையும் நெடுங்காலம் இருந்ததில்லை. இன்று 'ட்ரோன்' என வழங்கும் சிறிய ஆளில்லா விமானம், படப்பிடிப்புக் கருவியைத் தாங்கி எவர் வளவின் மேலும் வந்து நிற்கவல்லது. ஆதலின் அவ்வினாவை நாம் ஆராய்ந்து பார்த்தல் இன்றியமையாததாகின்றது.

நிலம் எவனுக்கு உரியதோ, அதன்மேல் விண்வரை உள்ள வெளியும் அவனுக்கே உரியது என்பது ஐரோப்பியச் சட்ட அறிஞர் பல நூற்றாண்டுகளாகப் போற்றிய கொள்கை. அயலான் மரத்தின் கிளை எம் காணிக்குள் நீண்டபோதும், அவனுடைய கூரை எம் எல்லையைத் தாண்டியபோதும் வழக்கைத் தீர்க்க அது போதியதாயிருந்தது. ஆகாய விமானம் தோன்றியபின் அக்கொள்கை நிலைகுலைந்தது.

அது நிலைகுலைந்த வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவின் ஒரு வழக்கில் காண்பாம். வட கரோலைனா மாநிலத்தில், கிறீன்ஸ்பரோ நகரின் அருகே, தோமஸ் கோஸ்பி என்பார் 2.8 ஏக்கர் காணியில் கோழி வளர்த்து வந்தார். 1942 ஆம் ஆண்டு முதல், அயலிலிருந்த விமான நிலையத்தை இராணுவ விமானங்கள் பயன்படுத்தலாயின. அவை இறங்கும் பாதை அவருடைய காணிக்கு மேலே 83 அடி உயரத்தில் அமைந்தது. மிக உயர்ந்த மரத்துக்கும் அதற்குமிடையே இருந்தவை 18 அடிகளே. பேரிரைச்சலால் வெருண்ட கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. இவ்வாறு ஏறத்தாழ 150 கோழிகள் இறந்தன, கோழிப்பண்ணையும் கைவிடப்பட்டது.

1946 ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் இவ்வழக்கிலே தீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ், விண்வரை உரிமை என்னும் பழங்கொள்கைக்கு இக்காலத்தில் இடமில்லை என்றார். ஏனெனில், அதனை ஏற்றால் ஒவ்வொரு விமானப் பயணமும் எண்ணற்ற அத்துமீறல் வழக்குகளுக்கு ஆளாகும். எனினும், காணிக்காரன் தன் நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு மேல்வெளி அவனுக்கே உரியது என்றும், மிகத் தாழ்வாகவும் அடிக்கடியும் பறந்து அவ்வனுபவத்தைக் கெடுத்தல் அவனுடைய சொத்தைக் கவர்வதற்கு ஒப்பாகும் என்றும் அவர் தீர்த்தார். அவ்வெல்லை இத்தனை அடி என்று வரையறுத்துக் கூறவில்லை.

இங்கிலாந்திலே இன்னொரு வகை வழக்கு எழுந்தது. பேர்ன்ஸ்டைன் பிரபுவின் கிராமத்து இல்லத்தை 1974 இல் ஒரு நிறுவனத்தார் விமானத்திலிருந்து படம் எடுத்து, அதனை அவருக்கே விற்க முன்வந்தனர். அவர் அத்துமீறல் எனக் கூறி வழக்கிட்டார். 1977 இல் நீதிபதி கிறிஃபித்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆயினும், ஒருவனுடைய வீட்டை வானிலிருந்து இடையறாது கண்காணித்து அவன் செய்வதையெல்லாம் படம் பிடித்தால், அது வழக்குக்குரிய தொல்லையாகும் என்று அவர் சுட்டிக்காட்டினார். கோஸ்பி வழக்கில் தீங்கு செய்தது இரைச்சல். இங்கே ஆராயப்பட்டது பார்வை. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ட்ரோன் வந்தபோது, பெரிய விமானங்களுக்கு வகுத்த ஏற்பாடு போதாதாயிற்று. 2016 ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகள் சிறிய ட்ரோன்களைப் பொதுவாக 400 அடிக்கு மேற் பறக்க விடுவதில்லை. விமானங்களோடு மோதாதிருக்க அது நன்று. ஆயின், காணிக்காரனின் உரிமை எங்கே முடிகின்றது என்று தீர்க்கப்படாத அதே தாழ்ந்த வெளிக்குள் அன்றோ அவ்விதி ட்ரோனை நிறுத்துகின்றது! 2015 இல் கென்டக்கி மாநிலத்தில் ஒருவர் தம் வீட்டு முற்றத்துக்கு மேல் வந்த ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார். மாநில நீதிபதி அவர்மீதான குற்றச்சாட்டைத் தள்ளினார். பின்னர் ட்ரோனின் சொந்தக்காரர் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றார். தனக்கு நியாயாதிக்கம் இல்லையென்று அந்நீதிமன்றம் 2017 இல் வழக்கைத் தள்ளிவிட்டது. உயரத்தைப் பற்றிய வினா விடையின்றியே நின்றது.

அவ்வாறாயின், சட்டத்தால் உயரத்தை வரையறுத்துவிட்டால் போதாதோ? கலிஃபோர்னியாவில் அதற்கு முயன்றனர். தனியார் காணிக்கு மேல் 350 அடிக்குக் கீழே இசைவின்றிப் பறத்தலை அத்துமீறலாக்கும் சட்டமூலத்தை 2015 இல் ஆளுநர் பிறவுன் நிராகரித்தார். தீங்கற்ற பொழுதுபோக்காளரும் வழக்குகளில் அகப்படுவர் என்பது அவர் கூறிய காரணம். ஆயின், பிறர் காணியின் மேல்வெளியில் இசைவின்றிப் புகுந்து, அவருடைய அந்தரங்க வாழ்வைப் படம் பிடிப்பதற்கு எதிரான சட்டத்தில் அதே ஆண்டில் அவரே கையொப்பமிட்டார். முன்னது உயரத்தை அளந்தது; பின்னது செயலை அளந்தது. பின்னதே பொருத்தமானது என்பது எமது துணிபு. தாழப் பறந்து ஒரு கணத்தில் கடந்து செல்லும் ட்ரோன் எவருக்கும் தீங்கு செய்யாதிருக்கலாம். உயரே நிலையாக நின்று நோக்கும் ட்ரோன், ஏன், அயற்காணியின் மேல் நின்று நோக்கும் ட்ரோனுங்கூட, ஒரு குடும்பத்தின் அமைதியைக் குலைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளும் இதனை உணர்ந்தவை. விளையாட்டுப் பொருள் அல்லாத ட்ரோன் 250 கிராமுக்குக் குறைந்ததாயினும், படப்பிடிப்புக் கருவி இருந்தால் இயக்குபவர் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும்.

எமது நாட்டில் இப்பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு உரியது. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து ட்ரோன் பறப்புகள் தடுக்கப்பட்டமையும், அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டமையும் யாவரும் அறிவர். நாட்டின் பாதுகாப்புக்கு அத்தகைய கட்டளைகள் உதவும். வீட்டின் தனிமைக்கு அவை மட்டும் போதா. எமது பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்திலே, ஒருவருடைய மானத்துக்கும் தனிமைக்கும் இழைக்கப்படும் தீங்குக்குப் பரிகாரம் தேட வழியுண்டு. ஆயின், வானில் நின்ற கருவி யாருடையது என அறியாதவன் யார்மீது வழக்கிடுவான்? ஆதலின் பதிவு என்பது வெறும் அலுவலகக் கருமம் அன்று. வழக்குரிமைக்கே அதுதான் வாயில்.

யாழ்ப்பாணத்தார் கிடுகு வேலியை உயர்த்திக் கட்டியது மண்ணைக் காக்க மட்டுமன்று. கிணற்றடியில் நீராடுவோரின் மறைவைக் காக்கவுமாம். வேலி காத்த அதனை வேலிக்கு மேலிருந்து நோக்கும் கண் பறிக்குமாயின், வேலியின் வேலையைச் சட்டம் ஏற்றல் வேண்டும். வயலை ஆராயவும், வெள்ளத்தில் அகப்பட்டோரைத் தேடவும், நில அளவைக்கும் ட்ரோன் பெருந்துணையாதலின், அதனை முற்றாக விலக்குதல் அறிவுடைமை அன்று. இயக்குபவர் இன்னார் என அறியத்தக்கதாயிருத்தல், பிறர் வளவின் மேல் இசைவின்றித் தங்கி நில்லாமை, எடுத்த படத்துக்குப் பொறுப்பேற்றல் ஆகிய இம்மூன்றும் விதியாகவும் வழக்கமாகவும் நிலைபெறல் வேண்டும். வானம் எவனுக்கும் தனியுடைமை அன்று. ஆயின், அதன் கீழுள்ள முற்றம் ஒரு குடும்பத்தினுடையது. இம்மலரைப் படிப்போருள் நியாயவாதிகளும் காணிக்காரரும் ட்ரோன் பறக்கவிடும் இளைஞரும் இருப்பர். சட்டம் முழுமை பெறும்வரை காத்திராது, அம்முற்றத்தை மதிக்கும் ஒழுங்கை அவர்கள் இன்றே தொடங்கலாம்.