ஃபர்னஸுக்கு எந்த ஃபில்டர் வாங்குவது?

டொரொண்டோ பக்கத்துக் கடைகளில் ஒரே அளவு ஃபர்னஸ் ஃபில்டருக்கு ஐந்தாறு விலை இருக்கும். விலை கூடியதுதான் நல்லது என்று கையை நீட்டிவிடாதீர்கள்.

வேலை தொடங்குவது பேஸ்மென்டில். தெர்மோஸ்டாட்டில் ஃபர்னஸை நிறுத்திவிட்டு, வீட்டுக் காற்று திரும்பிவரும் ரிட்டர்ன் குழாய் ஃபர்னஸோடு சேரும் இடத்திலுள்ள பழைய ஃபில்டரை உருவுங்கள். அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் 16×25×1 என்பதுபோல அங்குலக் கணக்கு அச்சிட்டிருக்கும். டேப் வைத்தால் அரை அங்குலம்வரை குறைவாகக் காட்டும், அது வழக்கந்தான். அச்சிட்ட அளவைச் சொல்லியே வாங்குங்கள். ஆனால் பழையது ஆடினாலோ ஓரத்தில் சந்து தெரிந்தாலோ, முன்பு இருந்தவர் தவறான அளவைப் போட்டிருக்கலாம். அப்போது ஃபில்டர் செருகும் இடத்தையே அளந்து பாருங்கள். சந்து வழியே காற்று நழுவினால் எந்த ஃபில்டரும் வீண்.

அடுத்தது, துகள் பிடிக்கும் திறனைச் சொல்லும் மெர்வ் (MERV) எண். வீட்டுக்கு வாங்குபவை பெரும்பாலும் 8 முதல் 13 வரை. மெர்வ் 8 தூசி, மகரந்தம் போன்ற பெரிய துகள்களைப் பிடிக்கும். 11 நுண்தூசியிலும் பெரும்பகுதியைப் பிடிக்கும். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த புகைத்துகளில் பாதியையாவது பிடிக்க 13 வேண்டும். சில கடைகளும் கம்பெனிகளும் எம்பிஆர், எஃப்பிஆர் என்று சொந்த எண் போடுவதால் குழப்பம். பெட்டியில் மெர்வ் எண்ணைத் தேடுங்கள்.

அப்படியானால் எல்லோரும் 13 வாங்கலாமே? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு அங்குலத் தடிப்புள்ள ஃபில்டரில் துணி நெருங்க நெருங்க, ஃபர்னஸின் ஃபேனுக்கு மூச்சுமுட்டும். காற்று போதாவிட்டால் குளிர்காலத்தில் ஃபர்னஸ் அளவுமீறிச் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் அதை அணைத்துவிடும். கோடையில் ஏசி காயிலில் பனி கட்டும். நான்கு, ஐந்து அங்குல ஃபில்டரில் மடிப்பு ஆழமாக இருப்பதால் துணியின் பரப்பு அதிகம். அதே 13 அங்கே காற்றைத் தடுப்பது குறைவு. எனவே தடிப்பான சட்டம் இருந்தால் 11 அல்லது 13. ஒரு அங்குலந்தான் என்றால் 8, ஆஸ்துமாக்காரர் இருந்தால் 11. ஒரு அங்குலத்தில் 13 போடுமுன் ஃபர்னஸ் பார்க்கும் டெக்னீஷியனைக் கேளுங்கள். இவற்றைவிட நெருக்கமான ஹெப்பா (HEPA) ஃபில்டரைச் சாதாரண ஃபர்னஸில் செருக நினைக்கவே வேண்டாம்.

போடும்போது சட்டத்திலுள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் தேதி எழுதிவையுங்கள். ஒரு அங்குலத்தை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். மூன்று மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். தடிப்பானது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை வரும். வீட்டில் நாய், பூனை இருந்தாலோ சுவர் உடைக்கும் வேலை நடந்தாலோ இன்னும் சீக்கிரம். 2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீப் புகை டொரொண்டோவை மூடியதுபோன்ற நாட்களில் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’ பக்கம் மாற்றுங்கள். காற்று ஓடாமல் ஃபில்டர் எதையும் பிடிக்காது.

ஃபில்டரால் ஆகாதவையும் உண்டு. மீன் பொரித்த மணத்துக்கு ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை. அடுப்பின் மேலிருக்கும் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடையும் எந்த ஃபில்டரும் தடுக்காது. படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று, ஃபில்டர் மாற்றும் அன்றே பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.