பிக்கப் வண்டிக்குச் சிக்கனமான ஸ்டெப்னி

கோமாரித் தடுப்பு மருந்தைக் கிராமங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஒரு பிக்கப் வண்டியைக் கருதுவோம். அம்மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிரில் காக்கப்பட வேண்டியது. வழியில் டயர் பஞ்சராகி, மாற்றுச் சக்கரமும் பயன்படாது போனால், பெட்டியிலுள்ள பனிக்கட்டி உருகத் தொடங்கும். மாடுகளை ஓட்டிவந்து காத்திருக்கும் குடியானவர்கள் வீடு திரும்புவர். பல மாதங்கள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் தகுதி, ஒரே நாளில் இவ்வாறு சோதிக்கப்படுகிறது. ஆகவே, அதனைக் குறைந்த செலவில், ஆனால் தவறின்றித் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவது அவசியமாகும்.

இந்தியாவெங்கும் மாற்றுச் சக்கரத்திற்கு வழங்கும் ‘ஸ்டெப்னி’ என்னும் பெயர், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயராகும். 1904-ஆம் ஆண்டில் அங்கே உருவாக்கப்பட்ட மாற்றுச் சக்கரம் அத்தெருவின் பெயரால் விற்கப்பட்டது. கம்பெனியின் பெயர் நாளடைவில் பொருளின் பெயராயிற்று.

அளவு

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்பது போன்ற குறி காணப்படும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பையும், 15 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும்.

இதன் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். பக்கச் சுவரின் உயரம் 161.25 மி.மீ.; இரு பக்கமும் சேர்ந்து 322.5 மி.மீ.; ரிம் 381 மி.மீ.; ஆக மொத்தம் 703.5 மி.மீ. விலை குறைவு என்று 205/70 ஆர் 15 டயர் ஒன்றை வாங்கினால், அதுவும் 15 அங்குல ரிம்மில் அமரும். ஆனால் விட்டம் 668 மி.மீ. மாத்திரமே. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பெரிய டயர் சுமார் 452 முறை சுழலும்போது, சிறியது சுமார் 476 முறை சுழலும். பின் அச்சில் இவ்விரண்டும் சேர்ந்தால், வளைவுகளில் மாத்திரம் வேலை செய்ய வேண்டிய டிஃபரென்ஷியல் பற்சக்கரங்கள் நேர்ப்பாதையிலும் ஓயாது உழைத்துச் சூடேறும். டயரில் மிச்சப்பட்ட பணம் பற்சக்கரத்தில் செலவாகும்.

ரேடியல் டயரையும், வழக்கில் நைலான் டயர் எனப்படும் குறுக்கிழை டயரையும் ஒரே அச்சில் பூட்டுதல் கூடாது. இரண்டும் வளைவில் வெவ்வேறு விதமாக நெளிவதால் வண்டி நிலைதவறும்.

சுமை

அளவுக் குறியை அடுத்து வரும் எண் சுமைக் குறியீடாகும். 100 என்பது 800 கிலோகிராம், 104 என்பது 900, 106 என்பது 950, 108 என்பது 1,000 கிலோகிராம் தாங்கும் திறனைக் குறிக்கும். பொருள் ஏற்றிய வண்டியின் பின் அச்சில் 1,900 கிலோகிராம் விழுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு டயரும் 950 கிலோகிராம் சுமக்க வேண்டும். குறைந்தது 106 என்னும் குறியீடு தேவை. காருக்கென்று செய்த 100 குறியீட்டு டயர், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், 150 கிலோகிராம் குறைவாகவே தாங்கும்.

வயது

பழைய டயர் வாங்குவோர் வரிப்பள்ளத்தின் ஆழத்தை மாத்திரம் பார்ப்பது வழக்கம். நான்கு சக்கர வண்டிகளுக்குச் சட்டம் கோரும் குறைந்த ஆழம் 1.6 மி.மீ. ஆகும். ஆயினும், ஆழம் நிறைந்த டயரும் முதுமை அடைந்திருக்கலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓஸோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. இதைத் தடுக்கும் மெழுகும் இரசாயனங்களும் ரப்பரில் கலக்கப்பட்டுள்ளன; டயர் ஓடி நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காப்பளிக்கின்றன. ஓடாமல் தொங்கும் ஸ்டெப்னிக்கு இக்காப்பு போதிய அளவு கிட்டுவதில்லை. ஆகவே, ‘ஓடாத டயர் கெடாது’ என்னும் எண்ணம் தவறானது.

பக்கச் சுவரில் நீள்வட்டத்தினுள் உள்ள நான்கு இலக்கங்கள் பிறந்த தேதியைக் கூறும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்குமாறும், பத்து ஆண்டுகளில் ஸ்டெப்னியையும் நீக்கிவிடுமாறும் பல உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர்.

சிக்கன வழிகள்

முதலாவது, டயர்களை மாற்றும்போது கழற்றியவற்றுள் வயது குறைந்த, வெடிப்போ வீக்கமோ இல்லாத சிறந்த ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுதல். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, ஐந்து டயர்களையும் முறைவைத்துச் சுழற்றுதல். ஒரு டயர் 50,000 கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால், ஐந்தும் சேர்ந்து 2,50,000 டயர்-கிலோமீட்டர் உழைக்கும். அதை நான்கால் வகுத்தால் வண்டி 62,500 கிலோமீட்டர் ஓடும். ஐந்தாவது டயர் முதுமையால் வீணாவதில்லை. ஒரே திசையில் மாத்திரம் சுழலுமாறு செய்த டயர்களுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது.

மூன்றாவது, புதுப்பட்டை ஒட்டிய டயர். பட்டை புதிதாயினும் உடல் பழையது; ஆதலால் உடலின் தேதியைப் பார்த்தல் வேண்டும். அதனைப் பின் அச்சில் பூட்டி, மெதுவாக ஓட்டுவதே நன்று.

புதிய டயர் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கவனிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணை அதனைக் கட்டாயமாக்கியது.

ஆசிரியர்களுக்கு

மாணவர்களைப் பள்ளியருகே நிற்கும் வண்டியொன்றின் டயர்க் குறியை எழுதச் செய்து, விட்டத்தையும் சுற்றளவையும் கணக்கிடச் சொல்லலாம். பின்னர் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரத்தை அளக்கலாம். அளந்த தூரம் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். சுமையால் டயர் தரையில் அமுங்குவதே காரணம்.

களப்பணியாளர் மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், ஸ்டெப்னியின் காற்றழுத்தத்தையும், அதனைத் தாங்கும் சங்கிலியையும், ஜாக்கியையும் சோதித்தல் வேண்டும். காற்று இறங்கிய ஸ்டெப்னி எவ்வளவு மலிவாக வாங்கப்பட்டிருந்தாலும் நஷ்டமே.