படைவீரர் சங்கங்களும் அவற்றின் நிலைபேறும்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபடுதல் பழந்தமிழர் வழக்கு. அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறுகின்றது. பிற்காலக் கல்வெட்டுக்கள் வேறொரு வழக்கையும் தெரிவிக்கின்றன. இறந்த வீரனின் குடும்பத்தார் வாழும்பொருட்டு நிலம் அளிக்கப்பட்டது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்க்கு. நினைவும் உதவியும் ஆகிய இவ்விரண்டுமே படைவீரர்க்குச் சமுதாயம் செலுத்தவேண்டிய கடன்கள். போரிலிருந்து மீண்டோர் தாமே கூடி அமைக்கும் சங்கங்கள் இக்கடன்களைத் தம் தோள்மேல் ஏற்பன. அவற்றுட் சில தழைப்பதும் சில தேய்வதும் ஏன்? சில எடுத்துக்காட்டுக்களால் இதனை ஆராய்வாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. மறு ஆண்டு ஏப்பிரலில், வடபகுதிப் படையில் வைத்தியராய்க் கடமையாற்றிய பெஞ்சமின் ஸ்டீவன்சன் என்பார் இலினோய் மாநிலத்து டிகேற்றர் நகரில் ‘குடியரசின் பெரும்படை’ என்னும் சங்கத்தைத் தொடக்கினார். அதன் முதலாவது தேசிய மாநாடு அவ்வாண்டு நவம்பரில் இண்டியானாபொலிஸ் நகரிற் கூடிற்று. 1868 மே 30 ஆம் திகதியை, இறந்த வீரரின் கல்லறைகளுக்கு மலரிடும் நாளாக அதன் தலைவர் ஜோன் லோகன் குறித்தார். எனினும், 1870 களில் அங்கத்தவர் தொகை பெரிதும் குறைந்தது. பின்னர் ஊனமுற்றோர்க்கும் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம் வேண்டி அரசினரோடு வழக்காடத் தொடங்கியதும் சங்கம் மீண்டும் தளிர்த்தது. 1890 அளவில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். பயன் தரும் பணியே அங்கத்தவரை ஈர்க்கும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆனால், அப்போரிற் பணிபுரிந்தோரன்றிப் பிறர் அதில் அங்கத்தவராதல் இயலாது. அவர்தம் மைந்தர்க்கு 1881 இல் வேறொரு சங்கம் தோன்றிற்று. ஆண்டுகள் செல்லச் செல்லத் தாய்ச்சங்கம் தேய்ந்தது. 1949 இல் இறுதி மாநாடு, முதல் மாநாடு கூடிய அதே இண்டியானாபொலிஸில், கூடியபோது வந்திருந்த அங்கத்தவர் அறுவரே. 1956 ஓகஸ்ட் மாதத்தில், நூறாண்டைக் கடந்து வாழ்ந்த அல்பேட் வூல்சன் மறைந்தார். அவரோடு சங்கமும் முடிந்தது. அதை வீண்முடிவு என்னலாமோ? ஆகாது. மலரிடும் நாள் அமெரிக்காவின் தேசிய நினைவு நாளாயிற்று. மைந்தர் சங்கம் எஞ்சிய கடமையை ஏற்றது. ஒரு சங்கம் மறைவதிற் குற்றமில்லை. கடமையை ஏற்க ஒருவருமின்றி மறைவதே குற்றம்.

இனி, பிரித்தானியப் படைவீரர் சங்கத்தை நோக்குவாம். முதலாம் உலகப் போரின்பின் தனித்தனியே இயங்கிய நான்கு சங்கங்கள் 1921 மே மாதத்தில் ஒன்றாயின. அவ்வாண்டு நவம்பரிலேயே பொப்பி மலர் விற்பனை தொடங்கிற்று. 1922 இல், அம்மலர்களைச் செய்தற்கென ஊனமுற்ற வீரர்க்கு ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கமிழந்தவன் கைநீட்டி இரவாது, கையால் உழைத்து உண்டான். வாங்குவோனுக்கு அது நினைவுச்சின்னம், செய்வோனுக்கு ஊதியம். கல்லும் நிலமும் ஒரே மலரில் இணைந்தன என்க. நூறாண்டு கடந்தும் அச்சங்கம் நிலைத்திருத்தற்கு, பின்வந்த போர்களின் வீரரையும் அது தன்னகத்தே ஏற்றமை ஒரு பெருங்காரணம்.

அதே பொப்பி மலர் இலங்கையில் ஒரு மனக்குறைக்குக் காரணமாயிற்று. இங்கு திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரர்க்கே செல்கின்றது. இந்நாட்டு வீரர்க்குக் கிடைப்பது சொற்பம் என முன்னாட் படைவீரர் முறையிட்டனர். ஈலியன் பெரேரா என்பாரின் தலைமையில் 1931 நவம்பர் 11 ஆம் திகதி அவர்கள் சூரியமல் விற்கத் தொடங்கினர். சூரியமல் என்பது வேறன்று. நம் வேலிகளில் நிற்கும் பூவரசின் பூவே. 1933 இல் இளைஞர் அவ்வியக்கத்தை ஏற்று நடத்தினர். 1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியா நோய் நாட்டை வாட்டியபோது, அவ்வியக்கத்தார் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர். பணத்தைப் பங்கிடுவதில் நடுவுநிலை தவறின் சங்கம் பிளவுறும் என்பதும், இளைஞர் கையிற் சேர்ந்த பணி புதிய தேவைகளை நோக்கி விரியும் என்பதும் இங்கு நாம் கற்கும் பாடங்கள்.

இவற்றாற் புலப்படுவன மூன்று. முதலாவது, ஆண்டுக்கொருநாள் அணிவகுப்போடு பணி முடிதலாகாது. ஓய்வூதிய விண்ணப்பம் எழுதத் தெரியாத கைம்பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தலும், படுக்கையிற் கிடக்கும் தோழனைச் சென்று காண்டலும் ஆண்டு முழுவதும் நிகழ்தல் வேண்டும். இரண்டாவது, வரவு செலவு எவர்க்கும் ஒளிவின்றி இருத்தல் வேண்டும். மூன்றாவது, வாயில் அடைபடலாகாது. 1919 இல் தோன்றிய அமெரிக்கன் லீஜன் என்னும் சங்கம் நெடுங்காலம் குறித்த போர்க்காலங்களிற் பணிபுரிந்தோரையே சேர்த்தது. 2019 இல் இயற்றப்பட்ட சட்டம் 1941 டிசம்பர் 7 முதற் படையில் நற்பணி புரிந்த அனைவர்க்கும் அதன் கதவைத் திறந்தது. எனினும், புதியவரை உள்ளே விட்டால் மட்டும் போதாது. பொறுப்பையும் அவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.

இவ்விழா மலரிற் படைவீரரைப்பற்றி எழுதுவானேன் என அன்பர் வினவலாம். பழைய மாணவர் சங்கத்துக்கு அங்கத்தவர் அற்றுப்போதல் இல்லை. ஆண்டுதோறும் கல்லூரி புதியவரை அனுப்புகின்றது. அவ்வகையில் நாம் பேறுடையோம். ஆயினும், வருவோர் தங்குவரா? நம் கூட்டங்களிற் பழங்கதை பேசி மகிழ்கின்றோம். அது கல் நாட்டல். பரீட்சைக் கட்டணம் செலுத்த வழியற்ற மாணவனையும், தனித்து வாழும் முதிய ஆசிரியரையும் தேடிச் செல்லுதலே நிலம் அளித்தல். அப்பணியைச் சென்ற ஆண்டு கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞரிடம் ஒப்படைத்து, மூத்தோர் துணைநிற்பாராக. அடுத்த விழா மலரை அவர்கள் வெளியிடுவார்கள்.