இணையத்தில் தமிழ்ப் பெயருக்கு இடம்

பெயரிடுதல் எளிது, அப்பெயரால் பிறர் நம்மை அழைக்கச் செய்தல் அத்துணை எளிதன்று. இது மக்களுக்கு மட்டுமன்றி இணையதளங்களுக்கும் பொருந்தும். ‘.காம்’, ‘.இன்’ என முடியும் பெயருக்குத் தளம் அமைப்பது இன்று சிறு வேலை. ‘.இந்தியா’ எனத் தமிழிலேயே முடியும் பெயரோடு போனால் என்ன ஆகும்? அதற்கும் இடம் உண்டு. அதனைப் பெறும் வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகுதியும் விகுதியும்

சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரிக்க நாம் அறிவோம். இணையப் பெயரையும் அவ்வாறே பிரிக்கலாம். புள்ளிக்கு முன் நிற்பது பகுதி; பின் நிற்பது விகுதி. பகுதியை நாம் தேர்கிறோம். விகுதியோ அதனை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ‘.இன்’, ‘.இந்தியா’ ஆகிய இரண்டையும் நடத்துவது நிக்சி எனப்படும் தேசிய இணைய நிறுவனம்.

1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் இப்பெயர் முறையை வகுத்தார். அந்நாளில் ஆங்கில எழுத்து 26, எண் 10, ஒரு சிறு கோடு ஆகியவற்றாலேயே பெயர்கள் அமைந்தன. ஏனைய மொழிகளுக்கு வழி பிறந்தது 2003இல். ப்யூனிகோடு என்னும் முறை அவ்வாண்டில் வெளியாயிற்று. எம்மொழிப் பெயரையும் அந்தப் பழைய குறிகளாலேயே எழுதிவிட இம்முறை உதவுகிறது. அதன்பின் 2010இல் ‘.இலங்கை’யும், 2011இல் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவையும் இணையத்தில் இடம்பெற்றன. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழில் விகுதிகளாக நிற்பது நமக்குப் பெருமையன்றோ?

‘இந்தியா’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இ, ந், தி, யா என நமக்கு எழுத்து நான்கு. ஒருங்குறியிலோ புள்ளி, இகரக் குறி, கால் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுவதால் ஏழு. ப்யூனிகோடில் எழுதினால் அதுவே 17 குறிகள் ஆகிறது. அவற்றுள் முதல் நான்கு, ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளும். ‘இது மாற்றி எழுதப்பட்ட பெயர்’ என்பதற்கு இந்நான்குமே அடையாளம்.

பெயர் வேறு, இடம் வேறு

பெயரைப் பதிவு செய்வது ஒரு தொழில். தளத்தின் பக்கங்களை வைக்கச் சர்வரில் இடம் தருவது மற்றொரு தொழில். இவ்விரண்டையும் ஒரே நிறுவனத்தில் பெறவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வீடு மாறினாலும் ஆளின் பெயர் மாறாததுபோல, சர்வரை மாற்றினாலும் தளத்தின் பெயர் மாறுவதில்லை. விகுதி எதுவாயினும் சர்வருக்குக் கவலையில்லை. அப்படியானால் தடை எங்கே எழுகிறது? நடுவில் நிற்கும் படிவத்தில்தான் எழுகிறது.

இதனை நான் நேரில் கண்டது என் ஊராகிய நாயுடுபேட்டையில். திருப்பதி மாவட்டத்தில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் ஊர். அங்கே என் மாமா விதைக்கடை நடத்துகிறார். கடைப் பலகையில் தெலுங்கும் தமிழும் உண்டு. “ஏன் மாப்பிள்ளை, பலகையில் இரண்டு மொழியும் இருக்கின்றனவே, இணையத்தில் மட்டும் கூடாதா?” என்றார் அவர். தெலுங்கு எழுத்தில் ‘பாரத்’ என்னும் விகுதியோடு ஒரு பெயரும், தமிழில் ‘.இந்தியா’ என்னும் விகுதியோடு ஒரு பெயரும் பதிவு செய்தோம். இடம் வாடகைக்குத் தரும் ஒரு நிறுவனத்தின் படிவத்தில் அவற்றை இட்டபோது, ‘செல்லாத பெயர்’ என்று சிவப்பில் விடை வந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, ‘.காம்’ வாங்கிக்கொள்ளுமாறு அறிவுரை கிடைத்தது.

பணம் கொடுத்து முறையாகப் பதிந்த பெயர் எங்ஙனம் செல்லாததாகும்? பெயரில் குறையில்லை. விகுதி என்றால் இரண்டு, மூன்று ஆங்கில எழுத்தே என எண்ணி எழுதப்பட்ட படிவத்திலேயே குறை. 2001இல் ‘.இன்ஃபோ’ வந்தபோது, விகுதியில் நான்கு எழுத்து இருந்தமையால் அதனையும் பல படிவங்கள் ஏற்கவில்லை. எங்கள் பெயர்களை ப்யூனிகோடு வடிவில் இட்டோம்; அதே படிவம் ஏற்றுக்கொண்டது!

செய்முறை

முதலாவது, எல்லாப் பதிவாளரும் எல்லா விகுதிகளையும் விற்பதில்லை. வேண்டும் விகுதியை விற்பவரைக் கண்டறிக. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் நோக்காது, புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேட்டறிக.

இரண்டாவது, பெயரைப் பிழையின்றி எழுதுக. ‘கௌ’ என்பதையும், ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்த ‘கெள’ என்பதையும் கண் ஒன்றாகக் காணும். கணினி வேறாகக் கொள்ளும்.

மூன்றாவது, ப்யூனிகோடு வடிவத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க. ஒரு குறி மாறினும் அது வேறு பெயராகிவிடும். இடம் தருவோரின் படிவத்தில் தமிழ் வடிவம் ஏற்கப்படாவிடின் இதனையே இடுக.

நான்காவது, சர்வரின் முகவரியைக் கூறும் ‘நேம் சர்வர்’ பெயர்களை இடம் தருவோரிடம் பெற்றுப் பதிவாளரிடம் இடுக. பழைய விடைகள் ஆங்காங்கே சேமிப்பில் இருப்பதால், மாற்றம் எங்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம்.

ஐந்தாவது, இரண்டு பெயருக்கு இரண்டு சர்வர் வேண்டா. பிரௌசர் பக்கத்தைக் கேட்கும்போதே எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதையும் சொல்லுகிறது. ஆதலின் ஒரே சர்வர் தெலுங்குப் பெயருக்குத் தெலுங்குப் பக்கத்தையும், தமிழ்ப் பெயருக்குத் தமிழ்ப் பக்கத்தையும் தரும்.

ஆறாவது, பாதுகாப்புச் சான்றிதழ் பெறுக. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2016 முதல் இத்தகைய பெயர்களுக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது. அது தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்தல் நன்று.

எஞ்சிய இடர்கள்

இவ்வளவு செய்தும் சில இடர்கள் எஞ்சும். போலிப் பெயர்களைத் தடுக்கும் பொருட்டுப் பிரௌசர் சில வேளைகளில் தமிழ் வடிவத்தை விடுத்து ப்யூனிகோடு வடிவத்தையே காட்டும். மின்னஞ்சலில் தொல்லை இன்னும் மிகுதி. தமிழ் முகவரிக்கு அஞ்சல் செல்ல வழிவகுக்கும் தரம் 2012இலேயே வெளியாகியும், அதனை ஏற்காத சர்வர்கள் பல. ஆதலின் அஞ்சலுக்கென ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் வைத்திருத்தல் அறிவுடைமை. இது தமிழுக்கு இழுக்கன்று. வாடிக்கையாளர் விடுக்கும் ஓலை நம் கைக்கு வந்து சேரவேண்டுமன்றோ?

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை நிரல் எழுதும் பணிக்குச் செல்வீர்கள். பெயர் கேட்கும் படிவம் ஒன்றை அமைக்கும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். அன்று விகுதியின் எழுத்தை எண்ணி ஒதுக்காதீர்கள். தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் இட்டுச் சோதித்த பின்னரே அதனை வெளியிடுங்கள். முறையான பெயரை மறுக்கும் படிவத்தைக் கண்டால், அதனை நடத்துவோருக்கு எழுதித் தெரிவியுங்கள். தமிழ்ப் பெயருக்குச் சட்டம் இடம் தந்துவிட்டது. கருவியும் இடம் தந்துவிட்டது. படிவம் எழுதுவோரும் இடம் தருதல் வேண்டும்.