இறுவட்டு ஒருவருக்குத் திறக்கிறது, மற்றவருக்குத் திறக்கவில்லை: ஏன்?

ஆனையிறவை அண்டிய தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், பரந்தன் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் 1991, 2000, 2009 ஆம் ஆண்டுகளின் சண்டைகளுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்தன. காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் வழியில் தொலைத்தவர்கள் பலர். மிஞ்சிய கடதாசிகளைப் படமாக்கி இறுவட்டில் (சீடியில்) பதிந்து வைத்திருப்போரும் உண்டு. அந்த இறுவட்டைப் பொது நிலையக் கணனியில் போடும்போது "அனுமதி இல்லை" என்று வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். அதற்காக இறுவட்டை எறியவோ, புதிய வாசிப்பானுக்குக் (சீடி டிறைவுக்கு) காசு செலவழிக்கவோ அவசரப்பட வேண்டாம்.

பலர் பாவிக்கும் கணனியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். வங்கிக் கணக்கைப் போல இதில் காசு இல்லை. உள்ளே போக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. ஒரே கூரையின் கீழ் தட்டி வைத்துப் பிரித்த அறைகளாக இவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாசிப்பான் முற்றத்துக் கிணறு மாதிரி எல்லோருக்கும் பொது. ஆனால் எந்த அறைக்காரர் கிணற்றுக்குப் போகலாம் என்று தீர்மானிப்பவர் நிர்வாகிக் கணக்கை வைத்திருக்கும் பொறுப்பாளர்.

ஆகவே முதற் சோதனை இது. அதே இறுவட்டை அதே கணனியில் நிர்வாகிக் கணக்கில் திறந்து காட்டும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். அங்கே திறந்தால் இறுவட்டும் நல்லது, வாசிப்பானும் நல்லது; குறை அனுமதியில்தான். அங்கேயும் திறக்காவிட்டால் வேறொரு இறுவட்டைப் போட்டுப் பாருங்கள். அது திறந்தால் உங்கள் இறுவட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிறகு இன்னொரு கணனியிலும் போட்டுப் பாருங்கள்.

அனுமதிக் குறை என்று தெரிந்தபின், முதலில் சின்னக் காரணத்தைப் பாருங்கள். முன்பு இருந்தவர் வெளியேறாமல் எழும்பிப் போயிருக்கலாம். விண்டோசில் ஒருவரின் கணக்கு திறந்திருக்கவே இன்னொருவர் உள்நுழைய முடியும். அவர் ஓடவிட்ட படம் வாசிப்பானைப் பிடித்து வைத்திருக்கும். அவரை முறைப்படி வெளியேறச் சொன்னால் போதும்.

அடுத்தது, வேண்டுமென்றே போட்ட தடை. வைரசுக்குப் பயந்து சில நிலையங்களில் சாதாரண கணக்குகளுக்கு வாசிப்பானை மறைத்தோ மறித்தோ வைப்பார்கள். "இக்கணனியிலுள்ள கட்டுப்பாடுகளால் இச்செயல் இரத்துச் செய்யப்பட்டது" என்ற கருத்தில் செய்தி வந்தால் அதுவே அடையாளம். பொறுப்பாளர் 'குறூப் பொலிசி' என்னும் பகுதியில், பயனருக்குரிய பிரிவில், கழற்றக்கூடிய சேமிப்புக்கான விதிகளைப் பார்த்து இறுவட்டை வாசிக்கும் தடையை நீக்கலாம். வாசிப்பானின் எழுத்தை மறைக்கும் விதி அதே பிரிவில் வேறோரிடத்தில் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். விண்டோசின் வீட்டுப் பதிப்பில் 'குறூப் பொலிசி' திரை இல்லை. அங்கே கை தேர்ந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்தத் தொல்லை வேண்டாமென்று எல்லோருக்கும் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும் பொறுப்பாளர்களும் உண்டு. அது சரியான வழியல்ல என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் உங்கள் காணி உறுதி எல்லோர் கண்ணிலும் படும், அழிக்கவும் முடியும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு. நிர்வாகிக் கணக்கில் இறுவட்டைத் திறந்து, வேண்டியதை மட்டும் 'பப்ளிக்' என்னும் பொதுக் கோப்புறைக்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். நிர்வாகியின் சொந்தக் கோப்புறையில் வைத்தால் உங்கள் கணக்கிலிருந்து அது திறக்காது. அச்செடுத்ததும் பொதுக் கோப்புறையிலிருந்து நீக்கி, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டு எழும்புங்கள்.

எங்கும் திறக்காத இறுவட்டானால், பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். போகும்போது காணியின் பெயர், எல்லைகள், பழைய உரிமையாளரின் முழுப்பெயர் ஆகியவற்றை எழுதிக் கொண்டு போங்கள்.